தொட்டியில் இரண்டு நண்டு

மூன்று தரம் சவர்க்காரம் போட்டாயிற்று, தேசிக்காய் தேய்த்தும் பார்த்தாயிற்று, சூடை மீன் வாசம் கையை விட்டுப் போவதாக இல்லை. விரிவுரையாளர் அறையில் உன் பக்கத்துக் கதிரையில் இருந்த காலம் முழுக்க இதே வாசத்துக்காக உன்னோடு சண்டை பிடித்தவள் நான். "நண்டுக்கு மீன் வெட்டிப் போட்டிட்டு வாற கை வேற எப்பிடிக் கா மணக்கும்?" என்று கேட்டுவிட்டு, அதே கையால் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வடையை எடுப்பாய். நான் முகத்தைச் சுளித்தால் இரண்டாவது வடையையும் எடுப்பாய். இன்றைக்கு அந்த வாசம் என் கைக்கு வந்திருக்கிறது. கழுவுவதை விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று களுதாவளைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. காலையில் உன் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, கடைசித் தொட்டியில கிடக்கிற நண்டு தின்னுதில்ல. சாகப்போகுது போல. இதுவும் செத்தா நான் தொட்டியெல்லாத்தையும் உடைச்சுப் போடுவன்" என்றார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. கல்லடியிலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே என்ன நடந்தது என்று உடனே கேட்பாய். முடிவை முதலில் கேட்பது உன் பழக்கம். இன்றைக்கு அது நடக்காது. ஒழுங்காக, தொடக்கத்திலிருந்துதான் சொல்வேன்.

தொடக்கம் உன் ஊர் மீனவர் சங்கம் கேட்ட கேள்வி. சின்ன நண்டைப் பிடித்தால் வாவியில் திரும்ப விடுங்கள் என்று நீ ஒரு கூட்டத்தில் சொல்லப்போய், "எது சின்னன்? விட்டா அது பெருக்க எவ்வளவு காலம் செல்லும்? அதுவரைக்கும் எங்கட அடுப்பு எரியவேணாமா?" என்று கேட்டுவிட்டார்கள். விலங்கியல் படித்த நீ அந்தக் கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாய். மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய். "நீ கணக்குக்காரிதானே. ஒரு நண்டு தின்னுறது எங்க போகுதெண்டு கணக்குப் பாத்துச் சொல்லு."

"வயிற்றுக்குள்ளே போகிறது" என்றேன்.

"மறுகா?"

பிறகு என்ன என்று கேட்ட அந்த 'மறுகா' நம் இரண்டு பேருடைய வாழ்க்கையிலும் பல வருடங்களைத் தின்றது. தின்ற மீனிலிருந்து வரும் சக்தியில் எவ்வளவு வளர்ச்சிக்கு, எவ்வளவு முட்டைக்கு, எவ்வளவு வெறுமனே உயிரோடு இருப்பதற்கு என்று பிரித்துச் சமன்பாடு எழுத வேண்டும். எழுதுவதற்கு அளவுகள் வேண்டும். உன் வீட்டுப் பின்வளவில், வாவிக்கரையோரம், சீமெந்துத் தொட்டிகள் வரிசையாக முளைத்தன. ஒரு தொட்டிக்கு ஒரு நண்டு. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்றாய். நம் பல்கலைக்கழகத்தில் சில பேரையும் அப்படித்தான் வைக்க வேண்டும் என்றேன் நான்.

ஒரு நாள் நண்டொன்றை மூடிய பெட்டியில், தண்ணீருக்குள் விட்டு, அந்தத் தண்ணீரில் ஒட்சிசன் எப்படிக் குறைகிறது என்று காட்டினாய். நண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு காலைக்கூட அசைக்கவில்லை. கருவியில் எண் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

"சும்மாதானே கிடக்கு" என்றேன்.

"சும்மா கிடக்கிறதுக்கே இவ்வளவு" என்றாய் நீ.

அதற்குப் பிறகு நான் சும்மா கிடக்கும் எதையும் பழைய கண்ணால் பார்த்ததில்லை. இதயம் அடிக்க வேண்டும், செவுள் பூக்களுக்கு ஊடாகத் தண்ணீரை இறைக்க வேண்டும். மாரி மழைக்கு வாவித் தண்ணீர் சப்பென்று ஆகும்போது, உடம்பிலுள்ள உப்பு வெளியே போய்விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சேற்றுக்குள் அசையாமல் இருக்கிற ஒவ்வொரு நண்டும் இத்தனையையும் ஓய்வில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. இதை எண்ணிப் பார்த்த அன்று பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலால் வாவியைப் பார்த்தேன். எனக்கு மெய்சிலிர்த்தது. பக்கத்திலிருந்த பெண் குளிர்கிறதா என்று கேட்டாள்.

பிறகு ஒரு கால் இல்லாத அந்தப் பெட்டை நண்டு வந்தது. வலையில் சிக்கிக் கால் ஒடிந்ததை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று உனக்குக் கொடுத்திருந்தார்கள். நீ அவளை 'மகாராணி' என்றாய். என் கணக்கு முழுவதும் அவளை நம்பித்தான் ஓடியது. தின்னுவாள், நிறை கூடுவாள், என் கணினியில் வளையிக் கோடு அழகாக வழுக்கிக்கொண்டு மேலே போகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திடீரென்று அவள் தின்பதை நிறுத்தினாள். போட்ட சூடை போட்டபடியே கிடந்தது. ஒட்சிசன் எடுப்பதோ கூடியது. வரவு இல்லை, செலவு ஏறுகிறது. நான் எண்களைப் போட்டுப் பார்த்தேன், அவளிடம் சேமிப்பு முடியப் போகிறது என்று வந்தது. "சாகிறதுக்கு முதல் வாவியில் விட்டுவிடு" என்று சொன்னேன். வளரும் நண்டு தன் பழைய ஓட்டை, அந்தக் கோதை, கழற்றும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதையெல்லாம் சராசரிக்குள் கரைத்து, மெத்தென்ற ஒரு கோடாக ஆக்கி வைத்திருந்தேன். என் கோட்டில் அவளுக்குப் பட்டினி கிடக்க இடமில்லை.

நீ அன்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "உன்ட கோடு வழுக்கிக்கொண்டு போகுது புள்ள. நண்டு அப்பிடி வளர்றல்ல. பொறு. கை வைக்காத." தொட்டியின் மேல் பலகையை இழுத்து மூடினாய். நான் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் விடிந்ததும் உன் அழைப்பு. "வா கா, உடன வா. தொட்டியில ரெண்டு நண்டு கிடக்கு!"

ஓடி வந்தேன். பலகையை நீக்கினாய். உண்மைதான், இரண்டு நண்டு. நடுவில் ஒன்று, கறுப்பும் பச்சையுமாய் மினுங்கிக்கொண்டு, கொடுக்கை விரித்தபடி. மூலையில் ஊறிய பழந்துணிபோல இன்னொன்று, சுருண்டு, செத்தது மாதிரி. யாரோ செத்த நண்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"எது உன்ட நண்டு? தூக்கு பாப்பம்" என்றாய். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதுதான் நான் ஏமாந்த இடம்.

கடி வாங்காமல், நீ பழக்கியபடி, பின்பக்கமாகக் கையை விட்டு மினுங்கியதைத் தூக்கினேன். பாரத்துக்காக ஆயத்தமாக இருந்த கை வெறுமனே மேலே பறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை! முதுகு பிளந்திருந்தது. கால்கள் இருந்தன, கொடுக்கு இருந்தது, கண்ணுக்கு மேலே இருந்த உறைகூட இருந்தது. செவுள் பூவின் ஒவ்வொரு இதழுக்கும் மெல்லிய உறை இருந்தது. அந்தப் பெரிய கொடுக்கின் சதை முழுவதும் மணிக்கட்டைப் போன்ற ஒடுக்கமான வழியால் வெளியே வந்திருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல். நான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கோவிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"அங்க பாரு" என்று மூலையைக் காட்டினாய். செத்தது என்று நான் நினைத்ததுதான் மகாராணி. தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பிக்கொண்டிருந்தாள். இனி அந்தத் தண்ணீர் இருந்த இடத்தைச் சதை மெல்ல மெல்ல நிரப்பும் என்றாய். முதலில் இடம், பிறகுதான் ஆள். கால் ஒடிந்திருந்த இடத்தில் புதிதாக ஒரு கால் மடங்கி இருந்தது. சின்னக் கால், ஆனால் முழுக் கால். பட்டினி கிடந்த நாட்களில் அவள் செய்துகொண்டிருந்த வேலை அது. நான் சாவு என்று எழுதிய இடத்தில்தான் வளர்ச்சி இருந்தது.

அந்தக் கோதை எனக்குத் தந்தாய். "அவவுக்கு இது சாப்பாடு, புதுக் கோது கெட்டியாக இதத்தான் தின்னுவா. உனக்காகத் தாறன். அவவுக்குக் கணவாய் ஓடு போட்டுச் சமாளிக்கிறன்." அது இப்போதும் என் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்று முதல் என் வழுக்குக் கோட்டை அழித்துப் படிப்படியாக எழுதினேன். தின்னும் காலம், தின்னாத காலம், ஒரே காலையில் ஒரு பாய்ச்சல். அதன் பிறகுதான் கணக்கு தொட்டியோடு ஒத்துப்போனது. நீ அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோய் ஒரே வசனத்தில் சொன்னாய்: "இன்னும் ஒரு கோது பொறுங்க." சின்ன நண்டு இன்னொரு தரம் கோது கழற்றும்வரை விட்டுவைத்தால் ஒரே பாய்ச்சலில் பெருக்கும் என்ற என் சமன்பாடுகள் அத்தனையும் அந்த வசனத்துக்குள் இருந்தன. எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்களும் இருந்தார்கள்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நீ சாப்பிடுவதை நிறுத்திய நாளில் என் புத்தி எங்கே போனது என்று உனக்குத்தான் தெரியும். கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாய். மூச்சு வேகமாக இருந்தது. நான் கட்டிலோரம் குந்தியிருந்து, "இது அந்தத் தின்னாத காலம்தான், பொறு, பொறு" என்று உளறினேன். நம்பியே உளறினேன். நீ கண்ணைத் திறந்து சிரித்தாய். "விசரி. நான் நண்டில்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. உன்மேல்தான். எல்லாவற்றையும் போல இதிலும் சரியாகச் சொல்கிறாயே என்று.

கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கையை உயர்த்தி, உன் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டினாய். "பாத்தியா? சும்மா கிடக்கிறதுக்கே இவ்வளவு." அதைச் சொன்னபோது உன் முகத்தில் பயம் இல்லை. தொட்டிக்கு முன்னால் குனிந்திருக்கும்போது வரும் அதே வியப்புத்தான் இருந்தது. தன் சொந்த உடம்பையே எட்ட நின்று பார்த்து வாய்பிளந்த ஒரே ஆள் நீதான்.

செத்த வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது அந்தப் பாரமில்லாத கோது என் கைக்கு ஞாபகம் வந்தது. வரத்தான் செய்தது. ஆனால் நீ நண்டில்லை என்று நீயே சொல்லிவிட்டாய். தேடிப் பார்க்க எனக்கு ஒரு மூலை இல்லை. அழுதேன்.

இனி இன்றைக்கு.

உன் கணவர் பஸ் ஓட்டிய காலமெல்லாம் நண்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். உனக்குப் பிறகு அவர்தான் ஒவ்வொரு காலையும் சூடை வெட்டிப் போடுகிறாராம். யாரும் கேட்கவில்லை, அவராகவே. கடைசித் தொட்டிக்குக் கூட்டிப்போனார். இருந்தது வேறொரு பெட்டை நண்டு. காலடியில் தொடாத மீன். "வாவியிலயாவது விட்டிருவம் தங்கச்சி. என்ட கையால ஒண்டும் நிக்குதில்ல" என்றார்.

"பொறுங்க. கை வைக்காதீங்க" என்றேன். யாருடைய குரல் அது என்று எனக்கே திடுக்கிட்டது.

அவர் பாண் வாங்கக் கடைக்குப் போனார். மற்றத் தொட்டிகளுக்கு நான் மீன் வெட்டிப் போட்டுவிட்டுப் பலகையை ஒரு பக்கம் நீக்கிக் குந்தினேன். அன்று நான் கோபித்துக்கொண்டு போய்த் தவறவிட்டதை இன்று கண்டேன். முதுகின் பின்னால் ஒரு மெல்லிய கீற்று. அது விரிந்தது. அதற்குள்ளிருந்து ஈரமான புது முதுகு பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. தள்ளும், நிற்கும், தள்ளும். கால்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. கொடுக்கு வருமிடத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு அதுவும் நழுவி வெளியே வந்தது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், காட்டுவதற்கு. சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

அவர் பாணும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். "இஞ்ச, ரெண்டு கிடக்கே! மற்றது எப்பிடி வந்த?"

சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "எது உங்கட நண்டு? தூக்குங்க பாப்பம்."

பாணை என்னிடம் தந்துவிட்டு, சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பயந்து பயந்து மினுங்கியதைப் பிடித்தார். கை மேலே பறந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளவுக்குள்ளால் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது.

"தங்கச்சி, உள்ளுக்க ஒண்டுமில்ல."

"உள்ளுக்க இருந்தது அங்கால கிடக்கு. பெருத்து."

மூலையில் அது உப்பிக்கொண்டிருந்தது. அவர் தொட்டியோரம் குந்தி வெகுநேரம் பார்த்தார். கோதை மெல்லத் தண்ணீருக்குள் திரும்ப வைத்தார், அது உடைந்துவிடும் என்பதுபோல. "இதத்தானா அவ ஒவ்வொரு நாளும் பாத்தவ?" என்று கேட்டார். உன்னைப் பற்றி அவர் வாயைத் திறந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"ஓம் அண்ணன். இதத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழும்பிப் பலகையை இழுத்து, நீ மூடுவதைப்போலவே, ஒரு விரல் இடைவெளி விட்டு மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மறுகா?" என்றார்.

பாணைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.