ஒன்பது துளை, பன்னிரண்டு நிமிடம்

ஆகஸ்ட் 4, திங்கள்
அணு உலையை நேற்றே நிறுத்திவிட்டார்களாம். எரிபொருள் மாற்ற, முதலில் மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் துளைகளை அடைக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு நிரப்பும் தண்ணீர் அவற்றில் இறங்கிவிடும். எங்கள் ஆட்கள் அங்கே போகப் பத்து நாள் இருக்கிறது. அதுவரை ஒரகடம் ஷெட்டில், இரும்பில் செய்த போலி மூடியில் பயிற்சி. சொல்லித் தருவது நான். ஆளுக்கு ஒன்பது துளை, பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் நின்றால் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு கூடும். இன்று நாலு பேருமே பத்துக்குள் முடித்தார்கள்.

ஆகஸ்ட் 6
பிளாஸ்டிக் உடை வந்தது. தலைமுதல் கால்வரை மூடி, குழாய் வழியே காற்று. மாட்டியதும் எல்லாரும் மந்தம். ஜெபகுமார் பதினேழு நிமிடம்! அந்தத் தூத்துக்குடிக்காரன்தான் திங்களன்று முதலில் முடித்தவன்.

ஆகஸ்ட் 7
ஜெபகுமார் இன்று பதினாறு. ஒவ்வொரு துளைக்கும் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறான். மைக்கில் கத்துகிறேன், கத்துகிறேன் — அப்படியே நிற்கிறான். என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு?

ஆகஸ்ட் 8
தொண்டை போச்சு.

ஆகஸ்ட் 9
மேலாளர் அண்ணாதுரை சார் வந்து பார்த்தார். "இன்னா ஐஸ்வர்யா, இவன வெச்சிகினு எப்டி போறது? நீயே சொல்லு."
"அனுப்பிடுங்க சார்" என்றேன்.
ஜெபகுமார் உடையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தான். "நீங்க சொன்னபடிதான மேடம் செஞ்சேன்?"
சொன்னபடியாம்!

ஆகஸ்ட் 11, திங்கள்
மாற்று ஆள் வரவில்லை. எப்படிச் செய்வதென்று காட்டிவிடலாம் என்று நானே உடையை மாட்டினேன். மைக்கை மீதி மூவரில் ஒருவனான மாரிராஜிடம் கொடுத்தேன். காற்றைத் திறந்தார்கள். தகரக் கூரையில் மழை அடிக்கிற மாதிரி காதெல்லாம் இரைச்சல். மாரிராஜின் வாய் அசைகிறது. ஒரு சொல் விழவில்லை. முதல் துளையை அடைத்துவிட்டு என்ன செய்தேன்? திரும்பிப் பார்த்தேன்.
ஐயோ.
"நான் சரின்னு சொல்லாம அடுத்த துளைக்குப் போகக்கூடாது" — விதி போட்டதே நான். மூன்று பேர் காதில் விழாமலே போயிருக்கிறார்கள். ஒருத்தன் காத்திருந்தான். அவனைத்தான் நான்...
"ஒண்ணுமே கேக்கலன்னு ஏன் சொல்லல?" என்றேன் மாரிராஜிடம்.
"நீங்க ஏற்கெனவே சூடா இருந்தீங்க மேடம்."

ஆகஸ்ட் 12
இனி மைக் இல்லை. கட்டைவிரலைத் தூக்கினால் சரி. எல்லாருக்கும் பதினோரு நிமிடம். புதிதாக வந்த முப்பிடாதிக்கும். ஜெபகுமார் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13
எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16
உலையில் துளைகளை அடைத்தாயிற்று. யாரும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. இன்று மூடியைத் தூக்குகிறார்கள்.
"விரல் ஐடியா சூப்பர்மா" என்றார் சார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "அவன கூப்ட்டுக்கோ" என்றார்.

ஆகஸ்ட் 18
ஜெபகுமார் எடுத்தான். மறைமலை நகரில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். திரும்பி வரும் எண்ணம் இல்லை. தப்பு என்னுடையது என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.
"விடுங்க மேடம்" என்றான். போனை வைக்கும் முன், "அன்னைக்கு மைக்ல என்னதான் சொல்லிட்டிருந்தீக? நெசமா ஒண்ணுமே கேக்கல."
"போ, போன்னுதான்" என்றேன்.