அழகுக்காக மாற்றிய சரிவு

அன்புள்ள மச்சானுக்கு,

அரசரின் பிரமிடு பாதி உயரம் கம்பீரமாக எழுந்துவிட்டது. இந்தச் சரளைத் தரை தாங்காது என்று கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாயே, தாங்குகிறது. உள்ளறையில் தேவதாரு மரங்களை முட்டுக் கொடுத்திருப்பது வாசனைக்காகத்தான்.

இனி மேலே சரிவைக் கொஞ்சம் படுக்க வைக்கப் போகிறேன். எல்லாம் அழகுக்காக.

கல்தச்சன் இபி சிரிக்கிறான்: "என்னய்யா, கட்டி முடிக்கிறதுக்குள்ளயே இதுக்குக் கூன் விழுந்துடுச்சு?" ரசனை கெட்டவன்.

உன் தங்கை நலம். உனக்கு ஒரு ஜாடி பீர் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அன்றைய சண்டையில் மணலில் ஒரு சரிவு வரைந்து காட்டினாய். நான் காலால் அழித்தேன். அது எவ்வளவு படுக்கை என்று எழுதி அனுப்பு, சும்மா தெரிந்துகொள்ளத்தான். பதில் வாங்காமல் தூதன் உன் வாசலைவிட்டு நகரமாட்டான். இங்கே ஆட்கள் கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை புருஷன்