கண்ணாடியில் ஒட்டிய தாள்

என்னங்க,

சட்டையை இஸ்திரி போட்டு கதவுல மாட்டியிருக்கேன். போட்டுக்கிட்டு நேரத்தோட வேலைக்கு வாங்க. புது மேற்பார்வையாளருக்கு லேட்டா வந்தா பிடிக்காது.

நாம வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல அந்த மேற்பார்வையாளர் நாற்காலி யாருக்குன்னு நேத்து சொல்லிட்டாங்க. எனக்குத்தான். கத்தாம மீதியையும் படிங்க.

ரெண்டு மாசமா, முகம் பார்க்கிற கண்ணாடியில "நான்தான் மேற்பார்வையாளர்"னு எழுதி ஒட்டி, தினமும் காலையில அதுக்கு முன்னாடி நின்னு இருபத்தோரு தடவை சொன்னீங்க. ஆசை வெறியா மாறணும், எழுதி வச்சா நடந்தே தீரும்னு எனக்கும் பாடம் எடுத்தீங்க.

"அப்ப நானும் ஒண்ணு எழுதட்டுமா?"ன்னு கேட்டேன்.

"போர்வை மடிக்கிறவளுக்கு என்னடி லட்சியம்? நாளைக்கும் போர்வைதான்"னு உங்க அம்மா முன்னாடி சிரிச்சீங்க. நானும் கூடவே சிரிச்சேன்.

மறுநாளே உங்க விண்ணப்பத்தை என் கையில குடுத்து, ஆபீஸ்ல சேர்த்துடச் சொன்னீங்க. நான் என்னோடதைச் சேர்த்தேன். நானும் ஒரே ஒரு தடவை எழுதினேங்க, அந்தப் படிவத்துல. நேர்காணலுக்கு ஏன் கூப்பிடலைன்னு நீங்க புலம்பினப்ப, "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லிப் பாருங்க"ன்னேன். சொன்னீங்க, பாவம். தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னீங்க.

உங்க விண்ணப்பத்தை நான் கிழிக்கலை. கண்ணாடியில நீங்க ஒட்டின தாளைப் பிரிச்சுப் பாருங்க. அதுக்குப் பின்னாடிதான் மடிச்சு வச்சிருக்கேன். தினமும் அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்க.

இப்படிக்கு,
போர்வை மடிக்கிறவ