உங்கள் முப்பது கோழிகளைப் பற்றி

தண்ணீரூற்று,
சனிக்கிழமை.

அன்புள்ள சுகந்தினி அக்காவுக்கு முனவ்வறா எழுதுவது.

செல்வராசா அண்ணனின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததென்று கேட்டு ஆறுதல் அடைந்தோம். வவுனியா வெயிலில் அவரை வெளியே விடாதீர்கள்.

நேற்று போனில் கோழிகள் எப்படி என்று கேட்டீர்கள். "ஓம், நிக்குதுகள்" என்றேன். அது பொய் அக்கா. வாயால் சொல்லத் துணிவில்லாமல் எழுதுகிறேன்.

போன கிழமை நாயாற்றுக் களப்புக் கரையில் காட்டு வாத்துகள் செத்து ஒதுங்கியதாகக் கதை வந்தது. நான் பெரிதாக எடுக்கவில்லை. செவ்வாய் காலை என் கூட்டைத் திறந்தால் பதினேழு கோழிகள் செத்துக் கிடந்தன. முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரித்திருந்தது. மத்தியானத்துக்குள் என்னுடையவற்றில் இன்னும் முப்பதுக்கு மேல் விழுந்துவிட்டன.

கோழி ஏற்றும் லொறிக்காரர் எப்படியோ அறிந்து வந்துவிட்டார். "தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உயிரோட நிக்கிறதுகளை இப்பவே ஏத்திறன்" என்றார். என் கணவரும் சம்மதித்தார். நானே பிடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு கோழி கைக்குள்ளேயே கழுத்தை மடித்துச் செத்தது. இவை எந்த வீட்டுக் குசினிச் சட்டிக்குப் போகுமோ என்று பயம் வந்தது. ஏற்றியதையும் இறக்குவித்து, மிருக வைத்தியருக்கு அறிவித்தேன்.

பறவைக் காய்ச்சல்தான் என்று வியாழக்கிழமை முடிவு வந்தது. சுற்றுவட்டத்து வளவுகளில் ஒரு கோழிகூட மிஞ்சக்கூடாது என்றார்கள். உங்கள் வளவில் நின்ற முப்பதுக்கும் நோய், வருத்தம் ஒன்றும் இல்லை; அன்று காலையிலும் முட்டையிட்டிருந்தன. "அவா என்னை நம்பி விட்டிட்டுப் போனவா, அவா வருமட்டும் பொறுங்கோ" என்று கெஞ்சினேன். "இண்டைக்கு நிக்கிறது நாளைக்கு விழும் அம்மா" என்றார் வைத்தியர். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. வந்த ஆட்கள் துரத்த, உங்கள் கோழிகள் என் காலடிக்குத்தான் ஓடி வந்தன. சாப்பாடு கொண்டு வந்தேன் என்று நினைத்திருக்கும். ஒன்றுகூட மிஞ்சவில்லை அக்கா.

எங்களுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. சுகாதாரப் பகுதியினர் தினமும் வந்து பார்க்கிறார்கள். அயலில் சிலர் என்னோடு கதைப்பதில்லை. நான் வாயை மூடியிருந்தால் தங்கள் கோழிகள் தப்பியிருக்கும் என்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்வேன்.

நீங்கள் கோபிப்பது நியாயம். ஆனால் உங்களைக் கேட்காமல் செய்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், செய்ததற்கல்ல.

வரும் நாளைச் சொல்லாவிட்டாலும் பஸ் நிற்குமிடத்தில் நிற்பேன். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாலும் சரி, பையை மட்டும் என் கையில் தாருங்கள்.

அண்ணனின் பார்வையை அல்லாஹ் தெளிவாக்கித் தரட்டும்.

உங்கள் தங்கை,
முனவ்வறா