பதினொரு நாளில் ஒன்றான நாடு

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு மணிக்கட்டும் வலி. வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, படிக்கப்போவது நான்தான்.

எங்கள் சேனலில் இன்று முதல் முப்பது நாள் சிறப்பு விவாதம், மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. தலைப்பு: 'இந்த நாடு ஒன்றாகுமா?' தேர்தலில் இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி விழுந்ததிலிருந்து எல்லோருக்கும் இதே கவலை. முதல் நாளே பதில் தெரிந்துவிட்டது. நாலு விருந்தினர்கள். யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதிலேயே தகராறு.

திரையின் வலது கீழ்மூலையில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் நிற்பவள் நான். காது கேளாதவர்களுக்காகச் சைகைமொழியில் பெயர்த்துச் சொல்பவள். அவர்கள் மொழியில் கட்சிகளுக்குச் சைகை எளிது. ஒரு தலைவருக்கு மீசை, இன்னொருவருக்குக் கண்ணாடி. மேலுதட்டில் விரலை ஓட்டினால் ஒரு கட்சி. கண்ணைச் சுற்றி வட்டம் போட்டால் இன்னொன்று. இன்று ஒரு மணி நேரம் மீசை, கண்ணாடி, மீசை, கண்ணாடி. தெரியாதவர்கள் பார்த்திருந்தால் நான் முகம் கழுவுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் தயாரிப்பாளர் வந்தார். "முகத்துல எதையும் காட்டாதீங்கம்மா. நடுநிலையா இருங்க."

சைகைமொழியில் புருவம்தான் கேள்விக்குறி. புருவத்தைத் தூக்காமல் 'ஊழல் செய்தீர்களா?' என்று கேட்டால் 'ஊழல் செய்தீர்கள்' என்று ஆகிவிடும். விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்ப அரைப் புருவம் தூக்குங்க."

மார்ச் 5, வியாழன்

டிவியில் ஒரு மணி நேரம்தான். வீட்டில் முழுநேர வேலை.

இவர் மீசைக் கட்சி. தம்பி கண்ணாடிக் கட்சி. தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கல்யாணமாகி ஒன்பது வருடமாக மூவரும் ஒரே வீடு. இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவர். சைகையில் இவருக்குத் தெரிந்தவை மூன்று: சாப்பாடு, தண்ணீர், வண்டிச் சாவி. "நான் எதுக்குக் கத்துக்கணும், அதான் நீ இருக்கியே" என்பார். கைபேசியில் தட்டி அனுப்பப் பொறுமை கிடையாது. 'சரி', 'வரேன்' தாண்டாது.

அதனால் சாப்பாட்டு மேஜையில் நடக்கிற அரசியல் எல்லாம் என் கை வழியாகத்தான் போய் வருகிறது. இன்று நடந்தது இது:

இவர்: "உன் தம்பிகிட்ட சொல்லு, அவங்க தலைவருக்குக் கண்ணாடி போட்டும் கண்ணு தெரியல."

நான் சைகையில்: "உங்க கூட்டத்துக்கு நல்ல கும்பலாமேன்னு மாமா கேக்கிறார்."

தம்பி சைகையில்: "அந்த மீசையை நக்கிப் பிழைக்கிற கூட்டத்துல மாமாவுக்கு எத்தனாவது இடம்னு கேளு."

நான் வாயால்: "உங்க நீலச் சட்டை நல்லா இருக்காம்."

இவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

ஒன்பது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. 'மாமா ஏன் கோபமா இருக்கார்?' என்று தம்பி கேட்டால், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து முகமே அப்படி ஆகிவிட்டது என்பேன். இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்: "என் மச்சான் அந்தக் கட்சிதான். ஆனா பண்பானவன்." தம்பியும் அவன் நண்பர்களிடம் அதையேதான் சொல்கிறான்.

நான் செய்வது பொய்யா? சமாதானமா? இரண்டுக்கும் ஒரே சைகையாக இருந்துவிட்டால் எவ்வளவு வசதி.

மார்ச் 6, வெள்ளி

விவாதத்தில் ஒருவர் மேஜையை ஓங்கி அடித்தார். "அதையும் சைகையில சொல்லணும்ல?" என்று தயாரிப்பாளர் கேட்கிறார்.

மார்ச் 11, புதன்

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு நாலு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர்களை அடக்க நெறியாளரும் கத்தினார். ஆக ஐந்து பேர். எனக்கு இரண்டு கைதான். யார் பேச்சை எடுப்பது? மீசைக்காரர் பேச்சை எடுத்தால் கண்ணாடிக்காரர்கள் கடிதம் எழுதுவார்கள், கண்ணாடிக்காரர் பேச்சை எடுத்தால் மீசைக்காரர்கள். என் கை அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது:

'ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒன்றும் புரியவில்லை. புரிந்தாலும் நேற்றுச் சொன்னதுதான். நீங்கள் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு சாப்பிடுங்கள்.'

பதினொரு விநாடி இருக்கும். ஸ்டூடியோவில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது நெறியாளர் என்னைப் பார்த்து, "இன்னிக்கு ரொம்ப உணர்ச்சியா பண்ணீங்க" என்று பாராட்டினார்.

மார்ச் 12, வியாழன்

தம்பி காலையில் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அந்தப் பதினொரு விநாடி. எவனோ கீழே எழுத்தும் போட்டுவிட்டான். முதலில் காது கேளாதவர்கள் சிரித்திருக்கிறார்கள். இப்போது காது கேட்கிறவர்களும் சிரிக்கிறார்கள். பால் கொண்டுவருகிறவர் என்னைப் பார்த்து, கை கழுவிச் சாப்பிடுவது போல நடித்துக் காட்டிவிட்டுப் போனார்.



மார்ச் 13, வெள்ளி

காலை பத்து மணிக்கு மீசைக் கட்சி கண்டனம்: எங்கள் பேச்சாளரை அவமதித்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக் கட்சி கண்டனம்: எங்கள் பேச்சாளரை இன்னும் அதிகமாக அவமதித்துவிட்டார். மூன்று மணிக்கு இரண்டு கட்சியும் தொலைபேசியில் பேசிக்கொண்டனவாம். ஐந்து மணிக்கு எங்கள் ஸ்டூடியோவிலேயே இரண்டு பேச்சாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டறிக்கை வாசித்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் கூட்டறிக்கை. ஒருவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி இன்னொருவருக்கு இடம் கொடுத்தார். நெறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் ஒரு சங்கடம். அதைச் சைகையில் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

நின்றேன். 'பொறுப்பற்ற பெண்மணி' என்றார்கள், சொன்னேன். 'திமிர் பிடித்தவர்' என்றார்கள், அதையும் சொன்னேன், அரைப் புருவம்கூடத் தூக்காமல். 'இந்த விஷயத்தில் நாங்கள் ஒன்றாக நிற்கிறோம்' என்றபோது மீசையையும் கண்ணாடியையும் கோத்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்படி ஒரு சைகையை நான் அதுவரை போட்டதே இல்லை. என் வாழ்நாளிலேயே சுத்தமான மொழிபெயர்ப்பு இதுதான். ஒரு சொல் விடவில்லை.

முடிந்ததும் தயாரிப்பாளர் வெளியே கூட்டிக்கொண்டு போனார். "முப்பது நாளைக்குத் திட்டம் போட்டோம். பதினொரு நாள்லயே நாட்டை ஒண்ணாக்கிட்டீங்கம்மா. நாளையிலிருந்து வர வேணாம்."

மார்ச் 15, ஞாயிறு

என் இடத்தில் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளருக்கு வேண்டியவராம். கையை மிக அழகாக வீசுகிறார். நேற்று அவர் என்ன சொன்னார் என்று தம்பியைக் கேட்டேன்.

"குதிரை. குதிரை. நாளைக்கு மழை. உங்க அம்மா ஒரு கதவு. குதிரை."

இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, டிவியிலேயே அவங்க சொன்னதை விட்டுட்டு உன் சொந்தச் சரக்கைச் சொல்றே. அப்ப வீட்டுல?"

மேஜையைத் துடைக்கப் போய்விட்டேன். துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

தம்பி கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். அவனிடம் இல்லாத செயலியா! பேசுவதை எழுத்தாக மாற்றும் ஒன்றைத் திறந்து, தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

இவர்: "இவனுங்களுக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் ரிவர்ஸ் கியர்லயே ஊர் போய்ச் சேரலாம்னு நினைக்கிறவன். சொல்லு அவன்கிட்ட."

நான் சைகையில்: "கடையில வேலை அதிகமான்னு மாமா கேக்கிறார்."

தம்பி ஜாடியை மெதுவாக நகர்த்தினான். கைபேசியை என் பக்கம் திருப்பினான். எல்லாம் அதில் இருந்தது. ரிவர்ஸ் கியர் உட்பட, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

பிறகு அவனே தட்டித் தட்டி எழுதி இவரிடம் நீட்டினான். ஒன்பது வருடமாகத் தான் என்னென்ன சொன்னான் என்று நினைவிருந்தவரைக்கும். இவர் படித்தார். மேலே தள்ளித் தள்ளிப் படித்தார். நிமிர்ந்தார்.

"அப்ப... என் நீலச் சட்டை?"



மார்ச் 18, புதன்

நாட்டில் இரண்டு கட்சியும் எனக்கு எதிராக ஒன்றாகிவிட்டன. வீட்டிலும் அதே கதை.

இவர் கேட்டார்: "ஒன்பது வருஷமா நான் யார்கூடடி பேசிட்டு இருந்தேன்?"

தம்பி சைகையில் சொன்னான்: "மாமாகூட சண்டை போடறேன்னு நினைச்சேன். உன்கூடப் போட்டிருக்கேன். நீ ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கல."

நான் என்ன பண்ணியிருக்கணும்? சொல்லியிருக்கணுமா எல்லாத்தையும்? நக்கிப் பிழைக்கிறவன்னு இவர்கிட்டயும், கண்ணு தெரியாத கும்பல்னு அவன்கிட்டயும்? ஒரே வாரத்துல வீடு ரெண்டாயிருக்கும். ஒன்பது வருஷம் ஒரே மேஜையில சாப்பிட வச்சேனே, அதுக்கு யாரும் நன்றி சொல்ல வேணாம், திட்டாமலாவது இருக்கலாம்ல?

இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். அவன் சொன்னது சரிதான். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். பேசிக்கொண்டதே இல்லை. இது எனக்கு முதல் வருடமே தெரியும்.

மார்ச் 19, வியாழன்

தம்பி பாயும் இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவனிடம் ஒன்றுமே சொல்ல முடியாது. முதுகுக்குச் சைகை காட்டி என்ன பயன்?

மார்ச் 22, ஞாயிறு

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்தியைப் பார்க்கிறார், எதிர் நாற்காலியைப் பார்க்கிறார். மீசைத் தலைவர் அருமையாகப் பேசினார் என்று என்னிடம் சொன்னார். "ஆமாங்க" என்றேன். எரிந்து விழுந்தார்: "நீ ஆமாங்கன்னு சொல்றதுக்காகவா சொன்னேன்?"

மார்ச் 23, திங்கள்

கைபேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லிவிட்டு இவர் தம்பி கடைக்குப் போனார். காலையில் நான் பார்த்தபோது நூறு சதவீதம் இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். காதுவரைக்கும் சிவப்பு. அடிதடி ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னா கைடி அவனுக்கு! ரெண்டே நிமிஷத்துல எங்க கட்சியையே உரிச்சு உப்பு தடவி வச்சிட்டான். நான் ஒண்ணு எழுதினா அவன் நாலு எழுதறான். இவ்வளவு சரக்கை வச்சிட்டிருந்தவன் வாயில சட்டை நல்லா இருக்குன்னு போட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

பிறகு கேட்டார்: "எழுதி எழுதிக் கட்டை விரல் வீங்கிடுச்சு. சைகை கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"

நான் சொல்லித் தரட்டுமா என்றேன்.

"நீயா? வேணாம்மா. நீ வேற எதையாவது சொல்லிக் கொடுத்துடுவே."

மார்ச் 25, புதன்

சேனல் வாசலில் எண்பது காது கேளாதவர்கள். மீசை பாதி, கண்ணாடி பாதி. குதிரைக்காரர் வேண்டாம் என்று போராட்டம். சத்தம் இல்லாததால் அரை மணி நேரம்வரை போராட்டம் என்றே காவலாளிக்குத் தெரியவில்லையாம், பேருந்துக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தாராம். அவர்களுக்குள்ளும் நடுவில் கட்சிச் சண்டை வந்திருக்கிறது. ஆனால் ஒருவரும் ஒருவரை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் எதிராளி என்ன திட்டினான் என்று தெரியாமல் போய்விடுமே.

தம்பியும் நின்றிருந்தான் என்று தயாரிப்பாளர் தொலைபேசியில் சொன்னார். 'என் அக்கா டிவியில் பொய் சொன்னதில்லை' என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தானாம். 'டிவியில்' என்பதற்கு மட்டும் அடிக்கோடு.

என்னை மறுபடியும் வேலைக்கு வரச் சொன்னார். கட்சிகள் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டேன். "அந்த ஒத்துமை போயே போச்சும்மா. கண்டனத்தை முதல்ல எழுதினது யாருன்னு இப்ப அதுக்கு ரெண்டு பேரும் வழக்குப் போட்டிருக்காங்க."

ஒரே நிபந்தனை சொன்னேன். ஒருவருக்கு மேல் பேசினால் கையைக் கட்டிக்கொள்வேன். "கட்டிக்குங்க" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

திரும்பிப் போன முதல் நாள். அறுபது நிமிட விவாதத்தில் நாற்பத்தொரு நிமிடம் கையைக் கட்டி நின்றேன். மணிக்கட்டு வலி அடியோடு போய்விட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பி வெள்ளிக்கிழமை பாயோடு திரும்பி வந்தான். என்னோடு இன்னும் கொஞ்சம் முறைப்புதான். இருக்கட்டும்.

இன்று மதியம் ரொட்டியும் முட்டைக் குழம்பும். உட்கார்ந்ததுமே இவர் ஆரம்பித்துவிட்டார், கையால். மூன்று வாரமாகத் தினமும் கடைக்குப் போய்க் கற்றுக்கொண்டது. இவர் கை வைத்தால் எல்லாமே வண்டி திரும்புகிற சிக்னல் மாதிரிதான் வருகிறது. 'உங்கள் தலைவர் பொய் சொல்கிறார்' என்று சொல்லப் போய், 'உங்கள் தலைவர் முட்டை போடுகிறார்' என்று சொல்லிவிட்டார்.

தம்பிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்துபோய் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து மடக்கி, கையைத் தாடைக்குக் கொஞ்சம் கீழே இறக்கி, 'பொய்' என்பதற்குச் சரியான சைகையைக் காட்டிக் கொடுத்தான். இரண்டு தடவை செய்யச் சொன்னான். மூன்றாவது தடவை இவருக்குச் சரியாக வந்தது. தம்பி தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், 'இப்ப சொல்லுங்க' என்று தலையசைத்தான்.

இவர் சொன்னார். அவன் தலைவரைப் பற்றித்தான். அவன் முகம் கறுத்துவிட்டது. திருப்பிக் கொடுத்தான் பாருங்கள்! மீசையை வேரோடு பிடுங்கி எடுத்துவிட்டான்.

கையால் சண்டை போடும்போது சாப்பிட முடியாது. அதனால் ஒருவர் பேசினால் மற்றவர் சாப்பிட்டார், கண்ணை மட்டும் எடுக்காமல். இருவரும் அடுத்த தேர்தலிலும் அதே கட்சிக்குத்தான் போடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவி வைத்தேன். ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தேன். இன்னும் நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.