டிரங்குப் பெட்டியில் அடங்காத ரேடியோ

கெலவரப்பள்ளி,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள பிரியாவின் அப்பாவுக்கு,

மாதேஸ்வரி எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். பிரியதர்ஷினி பர்கூர் காலேஜ் ஹாஸ்டலில் சௌக்கியம், சாப்பாட்டைத்தான் வாயில் வைக்க முடியவில்லையாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் நான் நம்பப் போவதில்லை.

மேலே உங்கள் பார்டர் போஸ்ட்டில் டவர் கிடையாது. கீழே இறங்கி வந்து நீங்கள் பேசினாலும் பாதிப் பேச்சு காற்றில் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீங்கள் சொன்ன இரண்டு விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒன்று ரேடியோ. இன்னொன்று, இருபது வருஷம் சர்வீஸ் முடித்தாயிற்று, பென்ஷனோடு வீட்டுக்கு வருவதா, இன்னும் அங்கேயே இருப்பதா என்று நீங்கள் இழுத்துக்கொண்டே போகும் பேச்சு. வந்து என்ன செய்வது, சிப்காட்டில் ஏதாவது கம்பெனி கேட்டில் விசில் ஊதிக்கொண்டு லாரிக்கு வழி விடுவதா என்று கேட்டீர்கள். போனை வைத்துவிட்டு அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

முதலில் ரேடியோ. தூர தேசத்து ஸ்டேஷன் பிடிக்க உள்ளங்கை அகலத்தில் ஒன்று, இழுத்தால் நீளும் ஏரியல், செல் போட்டு ஓடவேண்டும், பொங்கல் லீவுக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் வைத்து மேலே எடுத்துப் போக வசதியாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். ரேடியோ வாங்கிவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்னது அல்ல. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரியும். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வார லீவு அன்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டு ரேடியோக் கடைக்குப் போனேன். என் கன்னடத்தைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்தார், ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் சொன்ன மாதிரி சின்ன செட்டாக நாலைந்தை வரிசையாக எடுத்து வைத்தார். மலை மேல் போஸ்ட் என்றால் இதுவே போதும், அங்கே இரைச்சல் கிடையாது என்றார். சரி, ஒருவேளை வீட்டில் வைத்துக் கேட்பதென்றால் எது நல்லது என்று சும்மா கேட்டு வைத்தேன். எங்கே வீடு என்றார். ஓசூர், ஒரு பக்கம் கம்பெனிகள், ஒரு பக்கம் டேம் என்றேன். அப்படியானால் சின்னது சரிப்படாது, எல்.இ.டி பல்பும் இன்வெர்ட்டரும் மோட்டாரும் போடுகிற சத்தத்தில் ஸ்டேஷன் அமுங்கிப் போகும், வீட்டை விட்டுத் தள்ளி மொட்டை மாடியில் நீளமாகக் கம்பி கட்டவேண்டும் என்றார். அந்தக் கம்பியைச் சின்ன செட்டில் மாட்டினால் எல்லா ஸ்டேஷனும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளுமாம். நீளக் கம்பியைத் தாங்குகிற பெரிய செட் வேண்டும் என்று மேல் தட்டிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் இறக்கினார்.

யாரோ வைத்திருந்து கொடுத்த பழைய ஜப்பான் செட். மேஜை மேல் வைத்தால் பாதி மேஜையைப் பிடித்துக்கொள்கிறது. கரண்ட்டிலும் ஓடும், பெரிய செல் போட்டும் ஓடும். திருகும் வட்டம் என் உள்ளங்கை அளவு, லேசாகத் தொட்டாலே ஸ்டேஷன் நழுவிப் போகிறது. அத்திப்பள்ளி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், தொடை மரத்துப் போய்விட்டது. கண்டக்டர் கிரைண்டரா என்று கேட்டார். விலையை நேரில் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு கேட்கவேண்டும்.

கம்பி கட்டியது தனிக் கதை. கரண்ட் கம்பி இருக்கும் பக்கமே போகவில்லை, பயப்படாதீர்கள். மாடித் தொட்டியிலிருந்து பின்பக்கத்து வேப்பமரம் வரைக்கும் கட்டினேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு சாந்தம்மா அக்காவின் இரண்டு பெட்ஷீட்டும் ஒரு போர்வையும் அதில் காய்ந்துகொண்டிருக்கின்றன. இது துணிக்கொடி இல்லை அக்கா, ரேடியோவுக்கு என்றேன். ரேடியோவுக்குக் கொடி எதற்கு, அதையும் துவைத்துக் காயப் போடுவாயா என்று தெலுங்கில் கேட்டு அந்தத் தெருவையே சிரிக்க வைத்துவிட்டார். தொட்டிப் பக்கம் ஒரு பைப்பை நட்டுக் கம்பியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிய பிறகுதான் என் கம்பி எனக்குக் கிடைத்தது.

அப்புறம்தான் தலைவலி ஆரம்பித்தது. எந்த ஸ்டேஷன் வைத்தாலும் டக், டக், டக் என்று ஒரு சத்தம். செட் பழுது என்று நினைத்தேன். லீவில் வந்திருந்த பிரியா சுவர்க் கடிகாரம்தான் காரணம் என்று அதன் செல்லைக் கழற்றினாள். நிற்கவில்லை. வீட்டு மெயினையே அணைத்துவிட்டு, செட்டை செல்லில் ஓட்டிப் பார்த்தோம். அப்போதும் டக், டக். ஏமாந்துவிட்டாய் அம்மா, கடைக்காரர் உன் தலையில் கட்டிவிட்டார் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செட்டை மாடிக்குத் தூக்கிப் போய், கம்பியைக் கழற்றிவிட்டு, மாடியின் ஒவ்வொரு மூலையாக வைத்துக் கேட்டேன். கரியப்பன் அண்ணனின் முட்டைக்கோஸ் தோட்டத்துப் பக்கம் போனால் சத்தம் அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு.

யானைக்காக அவர் போட்டிருக்கும் சோலார் வேலிதான். விட்டு விட்டு ஷாக் அடிக்கிற கம்பி, தெரியும் உங்களுக்கு. போய்ச் சொன்னதும் அவருக்குக் கோபம். உன் பாட்டுக்காக நான் வேலியை நிறுத்தணுமா, இந்த மாதம் யானை வரும் மாதம் என்றார். நிறுத்தவேண்டாம் அண்ணா, கம்பி எங்கேயோ கசிகிறது போலிருக்கிறது, வாருங்கள் பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு போனேன். வேலிக்கடியில் புல் ஏறிக் கம்பியோடு உரசிக்கொண்டு, ஈரத்தில் பொறி தட்டிக்கொண்டிருந்தது. கால்வாய்ப் பக்கம் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று உடைந்து கம்பி கல்தூணையே தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்பால் போன கம்பியில் ஷாக்கே இல்லை. யானை வந்திருந்தால் கதவு திறந்து வைத்த வீடு மாதிரி நேராக உள்ளே போயிருக்கும். அண்ணன் முகம் வெளுத்துப் போய்விட்டது. அன்றைக்கே ஆள் விட்டுப் புல்லை அறுத்து, பீங்கானையும் மாற்றினார். இப்போது டக் சத்தம் காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கிறது. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு மூட்டை முட்டைக்கோஸ், மூன்று வேளையும் அதுதான் பொரியல்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அண்ணன் ஒன்று சொன்னார். அஞ்செட்டி வரைக்கும் இந்த வேலியைப் போட்டுவிட்டுப் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிற தோட்டங்கள் நிறைய இருக்கின்றனவாம். உன் வீட்டுக்காரர் இருபது வருஷம் பார்டர் வேலிக்குப் பக்கத்திலேயே நின்றவர்தானே, வந்தால் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் சும்மா இருங்கள். என் சம்பளமும் உங்கள் பென்ஷனும் நம் மூன்று பேருக்குப் போதும். கேட்டில் நிற்கத் தேவையில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வந்து, காபியோடு செட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். எங்கேயோ தூர தேசத்திலிருந்து ஒரு பெண் தமிழில் செய்தி படிக்கிறாள். ழ வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறாள், ஆனால் ஆசையாகப் படிக்கிறாள். அலை போல் மேலே வருகிறாள், இறங்கிப் போகிறாள், மறுபடி வருகிறாள். இதில் உங்களுக்கு என்னதான் கிடைக்கிறது என்று இத்தனை வருஷம் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கும் பிடித்துப் போயிற்று. நன்றாகக் கேட்கும்போது பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், சொல்ல ஆளில்லை.

ஏன் பெரிய செட் வாங்கினேன் என்று இப்போது கேட்பீர்கள். இரைச்சல், கம்பி, கடைக்காரர் சொன்னது எல்லாம் உண்மைதான். அதற்காக மட்டும் வாங்கவில்லை. சின்னது வாங்கியிருந்தால் பொங்கல் முடிந்ததும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இது உங்கள் பெட்டியில் அடங்காது, நான் அளந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். இதைக் கேட்கவேண்டுமென்றால் இங்கேதான் இருக்கவேண்டும்.

கடைசியாக இன்னொரு காரியமும் செய்துவிட்டேன். கல்யாணமான புதிதில் ஒரு கட்டு அட்டைகளை எனக்குக் காட்டினீர்கள். இந்த நேரம், இந்த அலைவரிசை, இந்த நிகழ்ச்சி, இப்படிக் கேட்டது என்று எழுதிப் போட்டால், ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று அந்த நிலையத்தார் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள் என்று சொன்னீர்கள். நானும் அந்தப் பெண்ணின் நிலையத்துக்கு எழுதிப் போட்டேன். கம்பெனியில் செய்து வரும் ஒவ்வொரு பீஸையும் பார்த்து நான் மார்க் போடுகிற மாதிரி, ஒலிக்கு எத்தனை, இரைச்சலுக்கு எத்தனை என்று ஐந்துக்கு மார்க் போட்டேன். கேட்டவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் முனிவேல் என்று உங்கள் பெயரை எழுதிவிட்டேன். விலாசம் இந்த வீட்டு விலாசம்.

அட்டை வருவதற்கு மூன்று மாதம் ஆகும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். பென்ஷனில் வருகிறேன் என்று இப்போது எழுதிக் கொடுத்தாலும் உங்களை விடுவதற்கு அதே மூன்று மாதம்தான்.

மலை மேல் இருக்கும் மாதேஸ்வரன் உங்களைக் காப்பாற்றட்டும். ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு தபால்காரர் வந்து முனிவேல் யாரம்மா என்று கேட்கும்போது, அவர் ஊரில் இல்லை என்று இன்னொரு தடவை என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மாதேஸ்வரி