கட்டைவிரல் பட்ட கண்ணாடி

போன வாரம் ஆய்வகத்து அலமாரியை ஒழித்தபோது உன் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. திறந்தால், துடைக்கும் துணிக்குள் அந்தச் சில்லு. தபால்தலை அளவில் இரண்டு கண்ணாடித் துண்டுகள், நடுவே நீ மாதக்கணக்கில் கலந்து பார்த்துக் கண்டுபிடித்த திரவப் படிகம், பின்னால் நீ ஒட்டிய கறுப்பு டேப். இத்தனை நாள் எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரே சில்லு சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும், உள்ளே விளக்கு கூடாது, மேலே விழும் வெளிச்சத்தில் எந்த நிறம் திரும்பி வர வேண்டும் என்பதை மின்சாரம் முடிவு செய்ய வேண்டும். இதுதான் உன் ஆராய்ச்சி. கிளிஞ்சல்மேட்டிலிருந்து நீயும் சுரக்குடியிலிருந்து நானும் தினம் பஸ் பிடித்து வந்து ஒரே மேசையில் உட்கார்ந்தோம். உன்னுடையது நிறம் மாறியது. என்னுடையது என்ன செய்தாலும் பால் போல வெளுத்துக் கிடந்தது. எனக்குப் பொறாமையே இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது.

நம் இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டே, காலையில் வந்ததும் சில்லின் மேல் கட்டைவிரலை வைத்து எடுப்பது. விரல் சூட்டுக்குப் படிகம் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறி, மெல்லத் திரும்பும். “உசுரு இருக்குடி” என்பாய். அதன் பிறகுதான் டீ.

உன் ஆராய்ச்சியை மதிப்பிட ஆய்வுக் குழு வந்த அன்று கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. ஏசி ஓடியும் அறை இன்னும் குளிரவில்லை. நீ மின்னழுத்தக் குமிழில் கை வைத்துக் காத்திருந்தாய். அவர்கள் உள்ளே நுழைகிற நேரத்தில் நான், நல்லபடியாக நடக்கட்டும் என்றோ வெறும் பழக்கத்திலோ, சில்லைத் தொட்டேன். நீ குமிழைத் திருப்பினாய். சிவப்பு பச்சையானது. ஓரத்தில் மட்டும் விரல் அளவுக்கு வேறு நிறம்.

குழுவில் ஒருவர் குனிந்து பார்த்து நிமிர்ந்து, உன்னை விட்டுவிட்டு, என்னைக் கேட்டார். “நீங்க பக்கத்துலயே இருந்தீங்கள்ல, இது ஏன் மாறுது?”

“சூட்டுனால சார்” என்றேன்.

அவர் கேட்டது அந்த ஓரத்தைத்தான். நான் சொன்னதும் அந்த ஓரத்தைத்தான். ஆனால் அவர் எழுதிக்கொண்டது மொத்தத்துக்கும்: நிறம் மாறுவது மின்சாரத்தால் அல்ல, அறைச் சூட்டால். “என் விரல் சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குழுவின் முன்னால் சாம்பிளைத் தொட்டதற்குத் திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். திட்டுக்குப் பயந்தேன், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நீயே பேச்சை எடுத்தாய். “சூடு இல்லடி. நீ விரல் வச்சத நான் பார்த்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.”

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. குழு உன் முடிவை ஏற்கவில்லை. நீ ஆராய்ச்சியை விட்டாய், கோட்டுச்சேரியில் பள்ளிக்கூட வேலைக்குப் போனாய், என் கல்யாணத்துக்கு வந்து சிரித்தபடி போட்டோவில் நின்றாய். நாலு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து மூன்றே வாரத்தில் போயும்விட்டாய்.

இப்போது எங்களிடம் சூட்டை அசையாமல் பிடித்து வைக்கும் தட்டு இருக்கிறது. உன் சில்லை அதில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கை படவில்லை, காற்று படவில்லை. குமிழைத் திருப்பினேன். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. குறைத்தேன், அதே வழியில் திரும்பி வந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. மூன்றாம் தடவை நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்து சில்லு செத்துப்போனது. அதைப் போல இன்னொன்று செய்ய எனக்குத் தெரியாது.

நம் பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “இப்ப எதுக்கும்மா இதெல்லாம்” என்றார்.

உன் அம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இதுக்குத்தானா இத்தன பாடுபட்டுச்சு எம்புள்ள” என்றார்கள்.

“அம்மா, அன்னிக்கி காலேஜ்ல என்ன நடந்துச்சுன்னா...”

“தெரியும்மா, எல்லாம் சொல்லியிருக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அத்தன பேரும் சூடுன்னு சொன்னப்ப, நீ ஒருத்திதான் எந்திரிச்சு எம்புள்ளைக்காகப் பேசுனியாம்ல. சாவுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே கெடந்தா.”

மீன் சாதம் போட்டார்கள். சாப்பிட்டேன். நான் அப்படிப் பேசவில்லை என்று சொல்லாமலே பஸ் ஏறினேன்.

சில்லை உன் அம்மாவிடமே விட்டுவிட்டு வந்தேன். காலிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. நான் பேசியதாக நீ சொன்னாயே, அதுவும் என்னிடம்தான் இருக்கிறது.